வெறும் வயிற்றோடு மலையேறியவர்

மலைக்குப் பஸ் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டால் நினைத்தபோதெல்லாம் தரிசனம் கிடைக்கும் என்று சத்தியவேடு பக்கத்து என் சொந்தக்காரர்கள் கடைசிவரை நம்பினார்கள். திருப்பதியில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டுக்கு மாதம் ஒரு குடும்பமாவது மூட்டையோடு வந்து இறங்கும். "மாப்ள ஒரு வார்த்த சொன்னா உட்ற மாட்டாங்களா?" என்பார்கள். மாப்பிள்ளையோ தானே தர்ம தரிசன வரிசையில் நின்று சாமி பார்க்கிற ஆள். பஸ் ஓட்டுகிறவனுக்கு அதிகாரம் பஸ்ஸுக்குள்ளேதான் என்பது அவருடைய கட்சி. வந்தவர்களுக்குச் சோறும் போட்டு அவர்களுடைய கோபத்தையும் வாங்கிக்கொள்வது என் பங்கு.

நான் அப்போது புத்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் டீச்சர். என் நைனாவும் சரி, என் வீட்டுக்காரருடைய அப்பாவும் சரி, அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இரண்டு குடும்பத்திலும் மாதச் சம்பளம் என்பதை முதலில் பார்த்தவர்கள் நாங்கள்தான். என் வீட்டுக்காரர் முதலில் சித்தூரிலிருந்து மாம்பழம் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு லாரி ஓட்டினார். பிறகு அரசு பஸ்ஸில் வேலை கிடைத்துப் பல வருடம் சமவெளி ரோட்டில் ஓட்டினார். மலைப் பாதைக்கு எல்லா டிரைவரையும் விடமாட்டார்கள். அதற்குத் தனிப் பயிற்சி, தனிப் பரீட்சை. அதில் தேறி வந்த அன்று, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "டீச்சரம்மா, நானும் பாஸு" என்றார். கோபம் வந்தாலும் குஷி வந்தாலும் அவருக்கு நான் டீச்சரம்மாதான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாரையும் லேசில் புகழமாட்டேன். வீட்டில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் பாதிச் சுவரைப் பெயர்த்துவைக்கிற மனிதரை எப்படிப் புகழ்வது? ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவர் வேறு ஆள். வளைவு வருவதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுவார். வளைவுக்குள் போய்க் கியரைத் தேடுகிறவனை அவர் டிரைவராகவே மதித்ததில்லை. முன்சீட்டில் யாராவது முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தால், "கண்ண மூடாதம்மா, தூரமா பாரு, வாந்தி வராது" என்று தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிக்கொண்டே திருப்புவார். அவர் ஓட்டும் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள்கூட மேல் கம்பியைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். இதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு வாரத்துக்குத் தலைகால் புரிந்திருக்காது.

அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. மலை டியூட்டி கிடைத்த முதல் நாள் மலையடிவாரத்து அலிபிரியில் கற்பூரம் ஏற்றி அவராகவே வகுத்துக்கொண்டது. காலையில் முதல் நடை ஏறி, ஜனங்களை மேலே இறக்கி, கீழே திரும்பி வரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. சில டிரைவர்கள் சனிக்கிழமை மட்டும் இப்படி இருப்பார்கள். இவருக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். டிப்போ வாசல் டீக்கடைக்காரர்கூட முதல் நடைக்கு முன் இவரிடம் டம்ளரை நீட்டமாட்டார்.

"ஏர்றவங்கள்ல பாதிப் பேரு சாமி பாக்கற வரைக்கும் துன்னாம வர்றாங்க. இட்டுக்கினு போறவன் மட்டும் வயிறு முட்டத் துன்னுட்டு குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்பார்.

எனக்கும் அது நன்றாகத்தான் பட்டது. காலை ஐந்து மணிக்கு இட்லி அவிக்கும் வேலை மிச்சம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஊர் வேகமாக மாறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. தெருவெல்லாம் கேபிள் ஒயர் தொங்கியது. மலைக்கு பஸ்ஸோடு போட்டி போட்டுக்கொண்டு ஜீப்புகள் ஓடின. என் பள்ளிக்கூட வாசலிலேயே இங்கிலீஷ் மீடியம் வேன் வந்து நின்று என் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அள்ளிக்கொண்டு போனது. எங்கள் மாவட்டத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் குவைத்துக்குப் போனார்கள். என் தங்கையும் ஒரு வீட்டில் சமையல் வேலை என்று ஏஜெண்ட் மூலம் போனாள். இத்தனையும் வந்த வழியில் எங்கள் வீட்டுக்குச் சர்க்கரையும் வந்தது. செருப்பு கடித்த புண் அவர் காலில் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்க, ரத்தம் சோதித்துப் பார்த்தோம். நிறைய இருந்தது.

"கூலிக்காரன் மகனுக்குப் பணக்கார வியாதி" என்று டிப்போவில் சொல்லிச் சிரித்தாராம். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பார்.

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். இவர் ஒழுங்குக்குப் பேர்போனவர். குளித்து, நாமம் இட்டு, காக்கிச் சட்டையை மாட்டியதும் மாத்திரையை வாயில் போட்டுவிடுவார். தண்ணீர் குடித்தால் நேர்த்தி கெட்டுப்போகும் என்று எச்சிலைக் கூட்டி வெறுமனே விழுங்குவார். தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்று நான் கத்துவேன்.

"மருந்து சாப்பாட்டுல சேராது டீச்சரம்மா. தண்ணி சேரும்" என்பார்.

"கீழே வந்து சாப்பிடும்போது போட்டுக்கினா இன்னா?"

"பஸ்ஸ உட்டு எறங்குன உடனே நாலு பேரு புடிச்சிக்குவாங்க, மறந்து பூடும். வூட்லயே போட்டுக்கினா கவல இல்ல."

இந்த வாதத்தில் எனக்கும் குற்றம் தெரியவில்லை. மாத்திரை தவறாமல் உள்ளே போகிறது, நேர்த்தியும் நடக்கிறது. இரண்டையும் ஒரே மனிதர் ஒருநாள்கூடப் பிசகாமல் செய்கிறாரே என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

முதலில் பாதி மாத்திரைதான். அதில் ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் முழு மாத்திரையாக்கினார். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இன்று எழுதும்போது எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

டியூட்டி முடிந்து வருகிறவரின் பனியன் பிழிந்தெடுத்த மாதிரி நனைந்திருக்கும். கேட்டால் எரிந்து விழுவார். ஒரு நாள் அவராகவே சொன்னார். மேலே போகப் போக நெஞ்சு அடித்துக்கொள்கிறதாம். கை வெலவெலத்துப் போகிறதாம். "இப்பவே செத்துப் பூடுவேன்னு தோணுது. எதுக்குன்னே தெரியல. முன்னாடி ரோடு நல்லாத்தான் கீது, வண்டி நல்லாத்தான் கீது. எனக்கு மட்டும் பயமா கீது" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நெஞ்சை இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை, டென்ஷனாக இருக்கும், ஓய்வெடுங்கள் என்றார்கள். டிப்போவில் வேறு பேர் வைத்தார்கள். மலைப் பயம். நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கிற டிரைவருக்குத் திடீரென்று ஒரு நாள் பள்ளம் கண்ணில் படத் தொடங்கிவிடுமாம். அது பிடித்தவன் திரும்ப மலை ஏறியதில்லை என்றார்கள். அவருக்கு மற்ற எதைவிடவும் அந்தப் பேர்தான் வலித்தது.

அந்தச் சமயத்தில் தங்கை லீவில் வந்தாள். குவைத் விசா கிடைத்தால் முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். நானும் அவளும் அவருடைய முதல் நடையிலேயே மலைக்குக் கிளம்பினோம். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தோம். பஸ் நிறைய கூட்டம். கோவிந்தா போட்டுக்கொண்டு புறப்பட்டது.

பாதி மலை ஏறியிருப்போம். அவருடைய பிடரியில் வேர்வை வழிவதைப் பார்த்தேன். காலைக் காற்று ஜில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால், ரோடு கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில், பஸ்ஸை ஓரம் கட்டினார். இன்ஜினை நிறுத்தினார். கை பிரேக்கை இழுத்தார். கண்டக்டரைக் கூப்பிட்டுச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னார். எல்லாம் முறைப்படி நடந்தது. பிறகு எழுந்து, சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"நாகு பயங்கா உந்தி" என்று தெலுங்கில் சொன்னார். தமிழிலும் சொன்னார். "எனக்குப் பயமா கீது. இந்தக் கையோட நான் உங்கள இட்டுக்கினு போவக்கூடாது. வேற டிரைவர் வருவாரு. மன்னிச்சிக்கோங்க."

பஸ்ஸுக்குள் ஒருவர் முணுமுணுத்தார், ஒருவர் சத்தமாகவே திட்டினார், டிரைவர் குடித்திருக்கிறான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முதலில் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. புருஷன் ஒரு பஸ் ஜனத்துக்கு முன்னால் பயம் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார். ஆனால் அவர் கையைப் பார்த்ததும் அவமானமெல்லாம் போய்விட்டது. அந்தக் கை அப்படி நடுங்கியது. அந்த நடுக்கத்தோடு இன்னும் இரண்டு வளைவு ஓட்டிவிடலாம் என்று நினைக்காமல் நிறுத்தினாரே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அங்கே உட்கார்ந்தபடியே நினைத்தேன். திட்டியவரைத் திரும்பி முறைத்தேன். டீச்சர் முறைப்பு, அவர் வாயை மூடிக்கொண்டார்.

கீழே இறங்கி ரோட்டோரச் சுவரில் அவரை உட்காரவைத்தோம். தங்கை தன் கைப்பையிலிருந்து குவைத் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். "ரெண்டு வாயில போட்டுக்கோங்க மாமா, தெம்பா இருக்கும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். "முதல் நடை முடியலம்மா."

அப்போது அதைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த நிலையிலும் நேர்த்தியை விடவில்லையே என்று. இப்போது நினைத்தால் அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கி அவர் வாயில் திணித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பின்னால் வந்த பஸ்ஸில் மேலே டியூட்டிக்குப் போகிற டிரைவர் ஒருவர் இருந்தார். அவர் வந்து எங்கள் பஸ்ஸை எடுத்தார். என் வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்தில் பயணியாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வேர்க்க வேர்க்க மலை ஏறினார். மேலே போனதும் யாரோ தெரிந்தவர் ஓடிவந்து ஒரு லட்டைக் கையில் வைத்தார். பிரசாதத்தை மறுக்கக் கூடாது அல்லவா. தான் ஓட்டாத நடை தன் கணக்கில் வராது என்று அவரே தீர்மானித்துக்கொண்டு தின்றார். தங்கை முடி கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நடுக்கம் இல்லை, வேர்வை இல்லை. தங்கையின் மொட்டைத் தலையைப் பார்த்துக் கிண்டல்கூடச் செய்தார்.

இதுதான் எங்களைக் கெடுத்தது. லட்டு தின்றதும் பயம் போய்விட்டது என்ற செய்தி எனக்கு முன்னால் சத்தியவேடு போய்ச் சேர்ந்தது. சாமியே தெளியவைத்துவிட்டார் என்றார்கள். ஏதோ குறை வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் சாமி பயமுறுத்துகிறார் என்றும் அவர்களே சொன்னார்கள். நான் படித்தவள், விஞ்ஞானமும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. அவரோ நேர்த்தியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

தன்னை மலையிலிருந்து மாற்றச் சொல்லி அவரே டிப்போவில் கேட்டார். திருப்பதியிலிருந்து பாகாலா வழியாகச் சித்தூர் போகிற பஸ்ஸைக் கொடுத்தார்கள். மலையைவிட்டு வந்தாயிற்று, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். அங்கேயும் முதல் நடை முடியும்வரை அவர் சாப்பிடவில்லை. மாத்திரையும் தவறவில்லை. இரண்டாவது வாரமே பாகாலா பஸ் ஸ்டாண்டில், வண்டியை எடுக்கப் போகும்போது, அதே பயம் வந்தது. இந்த முறை வண்டியில் ஏறவே இல்லை. ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ரயில் ஜங்ஷன் ஊர், ஸ்டாண்டைச் சுற்றித் தட்டை நிலம். பயப்பட ஒரு மேடுகூட இல்லாத இடம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் காக்கிச் சட்டையைக் கழற்றி, மடித்து, பெட்டிக்குள் வைத்தார். வழக்கமாக அதை ஆணியில் மாட்டுவார்.

"மலையில இருக்கற பயம்னு நெனச்சேன். அது எனக்குள்ளதான் கீது. இனிமே வண்டி தொட மாட்டேன். நாளைக்கி எழுதிக் குடுத்துர்றேன்" என்றார்.

ஸ்டியரிங் இல்லாத அவரை எனக்குக் கற்பனை செய்யத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. வேலை போனால் சோற்றுக்குக் கஷ்டப்பட மாட்டோம், என் சம்பளம் இருந்தது. ஆனால் அந்த மனிதர் வீட்டுக்குள் எதுவாக இருப்பார்? ஆணி அடிக்கக்கூடத் தெரியாதே.

எழுதிக்கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள் என்று மட்டும் கெஞ்சி, அவரைச் சித்தூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். பழைய மிஷன் சபைக் குடும்பம், தமிழ்க்காரர். அவருடைய தங்கை என்னோடு வேலை பார்த்தவர். நோயாளியைப் பேசவிட்டுக் கேட்பார் என்று சொல்லியிருந்தார்.

நிஜமாகவே கேட்டார். பயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "காலையில எழுந்ததுலருந்து இன்னா இன்னா செய்வீங்க, ஒண்ணு உடாம சொல்லுங்க" என்றார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார். குளியல், நாமம், காக்கிச் சட்டை, மாத்திரை, முதல் நடை. எந்த வேளையும் மாத்திரை தவறியதில்லை என்று அழுத்திச் சொன்னார்.

"மாத்திரை போட்டு எவ்ளோ நேரம் கழிச்சித் துன்றீங்க?"

"மலை டியூட்டின்னா ஏறி எறங்கணும்ல, மூணு மணி நேரம் ஆவும். கூட்டம் இருந்தா நாலு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வந்த பயம் எப்படிப் போவுது?" என்றார்.

இதற்கு நான் முந்திக்கொண்டேன். "பிரசாதம் சாப்ட்டதும் போயிடுச்சி டாக்டர். லட்டு."

"லட்டுல இன்னா கீது டீச்சர்?" என்றார்.

கடலை மாவு, நெய் என்று ஆரம்பித்தவள் சர்க்கரையில் வந்து நின்றுவிட்டேன். வகுப்பில் தப்பாகப் பதில் சொன்ன பிள்ளை போல எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. டாக்டரம்மா சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. பிறகு நிதானமாக விளக்கினார். இந்த மாத்திரை சாப்பாடு வரும் என்று நம்பி வேலையைத் தொடங்கிவிடும். சாப்பாடு வராவிட்டால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும். அப்போது உடம்பு காப்பாற்று என்று கத்தும். அந்தக் கத்தல்தான் நடுக்கம், வேர்வை, நெஞ்சு அடிப்பு, சாவு பயம். வெளியிலிருந்து பார்த்தால் மனப்பயத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

"எல்லாமே மாத்திரையாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். "சில பேருக்குப் பயம் தானாவும் வரும். தவிர இவ்ளோ தடவ பயந்த மனசு, சர்க்கரை சரியானாலும் கொஞ்ச நாள் பயந்துக்கினுதான் இருக்கும். மொதல்ல இத மாத்திப் பாப்போம்."

மாத்திரையை மாற்றி எழுதினார். இது அவ்வளவு சர்க்கரையை இறக்காத மாத்திரை. அதோடு, வண்டி எடுப்பதற்கு முன்னால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார்.

என் வீட்டுக்காரர் நேர்த்தியைச் சொன்னார். டாக்டரம்மா கோபப்படவில்லை. "எங்க சபையிலயும் உபவாசம் இருக்கறாங்க. நானே பெரிய வெள்ளிக்கி இருப்பேன். வெரதம் உங்க சொந்த விஷயம், அதுல நான் தலையிட மாட்டேன். வெறும் வயித்துல ஸ்டியரிங் புடிக்கறது பஸ்ஸுல ஏர்றவங்க விஷயம்."

திரும்பி வரும் வழியெல்லாம், அவர் பைத்தியமும் இல்லை, கோழையும் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு மனம் துள்ளிக்கொண்டிருந்தது. இவர் மட்டும் எதையோ பறிகொடுத்தவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகுதான் புரிந்தது, அவருக்கு நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே வாயிலிருந்து வந்திருக்கிறது. சாமிக்குக் கொடுத்த வார்த்தையை முறித்தால்தான் வண்டி. வார்த்தையைக் காப்பாற்றினால் வண்டி இல்லை.

சில நாள் வேலைக்குப் போகாமல் அலிபிரி வரை நடந்து போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசினார், யாரிடம் பேசினார் என்று நான் கேட்கவில்லை. ஒரு காலையில் குளித்து நாமம் இட்டு வந்தவர் அடுப்பங்கரையில் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இட்லி கீதா?" என்றார்.

இருந்தது. சித்தூர் போய் வந்ததிலிருந்து தினமும் அவித்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி, ஒவ்வொரு வாயாக முழுங்கினார். சட்னி ஊற்றட்டுமா என்று கேட்டேன். "சும்மா இரும்மே" என்று சீறினார். கை கழுவிவிட்டுப் பெட்டியைத் திறந்து காக்கிச் சட்டையை எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆறடி மனிதர் நாலு இட்லி தின்றதற்கு அழுகிறாரே என்று யாராவது சிரிக்கலாம். நான் அந்த நிமிஷம் அவரை மதித்த அளவுக்கு வேறு யாரையும் மதித்ததில்லை. நேர்த்தியைக் காப்பாற்றிய வருடங்களைவிட அதை விட்ட காலைதான் அவருக்குக் கடினமாக இருந்தது.

பாகாலா ரோட்டிலேயே பல மாதம் ஓட்டினார். தங்கை குவைத்திலிருந்து விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மிஷின் ஒன்றை அனுப்பினாள். ஆரம்பத்தில் தினமும் குத்திப் பார்த்தோம். அந்த நடுக்கம் திரும்ப வரவில்லை. நெஞ்சு மட்டும் எப்போதாவது லேசாக அடித்துக்கொள்ளும் என்பார். மிஷினில் பார்த்தால் சர்க்கரை சரியாக இருக்கும். டாக்டரம்மா சொன்ன பயந்த மனசு இதுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

புரட்டாசிக் கூட்டத்துக்கு மலைக்கு டிரைவர்கள் போதவில்லை. மருத்துவப் பரிசோதனையில் சரி என்று வந்தால் திரும்ப மலைக்கு வருகிறாயா என்று டிப்போவில் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பயம் என்று ஒரு பஸ் முன்னால் சொன்ன மனிதர், அதே மலையில் திரும்பவும் பயந்துவிட்டால் அந்த நாளோடு உடைந்துபோவார் என்று எனக்குக் கலக்கம். அவர் பரிசோதனைக்குப் போனார், தேறினார், டியூட்டி எழுதிக்கொண்டு வந்தார். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அந்த முதல் நடையில் நானும் ஏறினேன். வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதே பின்சீட்டு. கைப்பையில் சர்க்கரைப் பொட்டலம், மிஷின் எல்லாம் இருந்தது. இட்லி தின்றுவிட்டுத்தான் வந்திருந்தார்.

கோவிந்தா போட்டுப் பஸ் கிளம்பியது. நான் சாமியை நினைக்கவில்லை, அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவுக்கு முன்னால் கியர் இறங்கியது. ஸ்டியரிங் சுற்றியது, நேரானது, மறுபடி சுற்றியது. பாதி மலையில், முன்பு நிறுத்திய வளைவை நெருங்கும்போது, அவர் பிடரி ஈரமாவதைப் பார்த்தேன். என் உயிர் என்னிடம் இல்லை. ஓரம் கட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முன்சீட்டில் முகம் வெளுத்திருந்த ஒரு பெண்ணிடம், "கண்ண மூடாதம்மா, தூரமா பாரு" என்று சொல்லிக்கொண்டே திருப்பினார். பஸ் வளைந்து ஏறியது.

மேலே கடைசி ஆள் இறங்கும்வரை அவர் சீட்டில் அசையாமல் இருந்தார். பஸ் காலியானதும் என் பக்கம் திரும்பினார்.

"வந்துச்சி" என்றார்.

நான் பதறிக் கைப்பையைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கை நடுங்கவில்லை.

"அது இல்ல டீச்சரம்மா. அது வந்தா கை நம்ம பேச்ச கேக்காது. இது வேற. அந்த வளைவப் பாத்ததும் இங்க அடிச்சிக்கிச்சி" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "பயந்தான். கையப் பாத்தேன், ஒயுங்கா இருந்துச்சி. மாத்திரையும் இல்ல, சாமியும் இல்ல, இது என்னோட பயம். இத வச்சிக்கினே ஓட்டலாம்."

கண்டக்டர் கீழே போகிறவர்களைக் கூவி அழைக்கத் தொடங்கியிருந்தார். நான் இறங்காமல் அதே சீட்டில் உட்கார்ந்தேன். ஜனங்கள் ஏறினார்கள், அவர் சாவியைத் திருப்பினார்.